எருதும் கப்பலும்: புதுவை ஆவணங்களில் இரு தடங்கள்

ஊரின் பெயரிலிருந்தே ஊரின் வரலாற்றைத் தொடங்குவது நம்மவர் வழக்கம். உழவர்கரை என்னும் பெயரில் உழவரும் உளர், கரையும் உளது. பழைய எழுத்துகளில் ஒழுகரை என்றும், பிரெஞ்சுக்காரர் ஏடுகளில் 'உல்காரே' என்றும் இவ்வூர் குறிக்கப்பட்டது. பெயரின் பொருளைச் சொல்லாய்வாளர் எவ்வாறு முடிவு செய்யினும், ஊரின் இருப்பிடம் தெளிவாகவே பேசுகிறது. கிழக்கே சில கல் தொலைவில் வங்கக் கடல்; மேற்கே வில்லியனூர் வழியாக உள்நாட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதை. எருது வந்த வழியும் கப்பல் வந்த வழியும் ஒன்றையொன்று தொடும் இடத்தருகே அமைந்த ஊர் இது.

இன்று உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய இலாசுப்பேட்டையில், சீவானந்தபுரத்தில், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் அமைந்துள்ளது. இலாசுப்பேட்டை என்னும் பெயரும் ஓர் ஆவணமே. 1761இல் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரியை 1765இல் மீண்டும் பெற்று எழுப்பிய ஆளுநர் ழான் லா தெ லொரிசுத்தோனின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உழவரின் பெயர் தாங்கிய ஊர், ஆட்சியாளரின் காகிதங்களைக் காத்துவருகிறது என்பது சிந்திக்கத்தக்க பொருத்தமாகும்.

புதுவையின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்தக் கப்பற்படை எப்போது வந்தது, எந்தத் தளபதி எப்போது திரும்பினான், எந்தப் புயலில் எத்தனை கலங்கள் அழிந்தன என்பனவே நூல்களில் விரிவாகக் காணப்படுகின்றன. கரைக்குப் பின்னால் நின்ற எருதினைப் பற்றிய செய்திகளோ அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டன. ஆயினும், கல்லெழுத்து, நாட்குறிப்பு, கும்பினிக் கடிதம், போர் வரலாறு ஆகியவற்றை அருகருகே வைத்துப் படிப்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். இக்கரையில் கப்பலை நகர்த்தியது காற்று மட்டுமன்று, எருதும் நகர்த்தியது. எருது நின்ற நாளில் கப்பலும் நின்றது. இரண்டும் நின்ற ஆண்டில் நகரமே வீழ்ந்தது.

கல்லில் நின்ற ஆடும் மாடும்

தமிழகத்தில் கால்நடைக் கணக்கு ஐரோப்பியர் ஏட்டில் தொடங்கியதன்று; கோயிற் சுவரிலேயே தொடங்கிவிட்டது. நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவதாகும். 'சாவா மூவாப் பேராடு' என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர். ஆடுகள் இறப்பதும் மூப்பதும் இயற்கை. ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாமற் காப்பது இடையரின் கடமை. எனவே கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கால்நடையை அழியா முதலாகக் கருதிய பொருளியற் சிந்தனை இச்சொற்றொடரில் அடங்கியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இக்கணக்கினை மிக நுட்பமாகத் தருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அரசனின் விளக்கு எரிந்ததை மட்டும் கல் கூறி நின்றுவிடவில்லை. மந்தையைப் பெற்ற இடையரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடு மேய்த்த மனிதர் ஒருவர், தம் பெயரோடு இன்றும் அச்சுவரில் நிற்கிறார்.

புதுவை வட்டாரமும் இம்மரபுக்குப் புறம்பானதன்று. பாகூர், திருபுவனை, வில்லியனூர்க் கோயில்களின் கல்வெட்டுகளை ஊர் ஊராகச் சென்று தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி. அவரது தொகுப்பு, கோ. விசயவேணுகோபாலின் பதிப்பில் 2006இல் புதுச்சேரியிலேயே நூலாக வெளிவந்தது. கடற்கரையிலிருந்து சில கல் தொலைவுக்குள்ளேயே இத்துணை விரிவான நிலக்கணக்கும் கொடைக்கணக்கும் வைத்திருந்த சமுதாயம் ஒன்று, ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வாழ்ந்திருந்தது என்பதற்கு அத்தொகுப்பே சான்றாகும்.

கடலும் கால்நடையும் ஒன்றோடொன்று கலந்த செய்தியும் தமிழுக்குப் புதிதன்று. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பாண்டிய நாட்டுக்கு அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் வந்ததையும், அவற்றுக்காகப் பெரும்பொருள் செலவானதையும் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டை, கிரேக்க மாலுமியின் கையேடு கூறும் 'பொதுகே' துறையாக அறிஞர் பலர் கொள்வர். பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய கலங்கள் இக்கரையில் ஓடியதாக அக்கையேடு கூறுகிறது. கட்டுமரமும் பொதிமாடும் இக்கரைக்கு ஒருசேரப் பழமையானவை.

துறைமுகமில்லாப் பட்டினம்

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் குடியிருப்பை நிலைநாட்டியபோது, அங்குக் கப்பல் அணையத்தக்க துறைமுகம் இல்லை. பிறகும் நெடுங்காலம் அமையவில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் கரைக்கு அப்பால், ஆழமான நீரில் நங்கூரமிட்டு நின்றன. அலை மடியும் இடத்தைக் கடந்து சரக்கையும் மனிதரையும் கொண்டுசேர்த்தவை சலங்குகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு அலையின் அறையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இச்சொல்லையே பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் 'செலாங்கு' என எடுத்துக்கொண்டனர். உலகின் பெரும்பேரரசு ஒன்றின் வாணிகம், கயிற்றால் தைத்த தமிழ்ப் படகினை நம்பி நின்றது.

கரையின் அப்பக்கம் சலங்கு என்றால், இப்பக்கம் எருது. கும்பினி நாடி வந்த பொருள் துணியே. அத்துணி கடற்கரையில் மட்டும் நெய்யப்பட்டதன்று. ஆர்க்காடு, காஞ்சிபுரம், சேலம், உடையார்பாளையம் ஆகிய பகுதிகளின் தறிகளிலிருந்து அது வந்தாக வேண்டும். வண்டி செல்லும் பாதை எல்லா இடங்களிலும் இல்லை. பாலமில்லா ஆறுகளோ பல. எனவே முதுகில் பொதி சுமந்த எருதுகளே உள்நாட்டு வாணிகத்தின் பெருஞ்சாலையாயின. இந்தியாவின் பழைய போக்குவரத்தைப் பற்றி 1980இல் இரு தொகுதிகளாகப் பெருநூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோசு, முதல் தொகுதியைத் தரைவழிக்கும், இரண்டாம் தொகுதியை நீர்வழிக்கும் ஒதுக்கினார். புதுவையில் நெடுங்காலம் வாழ்ந்து ஆய்ந்த அவ்வறிஞரின் இரு தொகுதிகளும் சந்திக்கும் இடம் புதுவைக் கடற்கரை போன்றதொரு துறையே எனலாம்.

இங்குக் கால ஒழுங்கு ஒன்று நோக்கத்தக்கது. பிரான்சு நாட்டின் லொரியாந்துத் துறையிலிருந்து புறப்படும் கும்பினிக் கப்பல்கள், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு ஆண்டின் நடுப்பகுதியில் புதுவைக்கு வரும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் அவை கரையை விட்டு அகன்றாக வேண்டும். இவ்வெச்சரிக்கை வெற்றச்சமன்று என்பதற்கு 1746 அக்டோபர் 13ஆம் நாள் இரவே சான்று. சென்னையைப் பிடித்து மூன்று வாரமே ஆகியிருந்த நிலையில், லா பூர்தொன்னேயின் கப்பற்படையை அவ்விரவில் வீசிய புயல் சிதைத்தெறிந்தது.

எனவே துணிப்பொதிகள் அக்டோபருக்கு முன்னரே கும்பினிக் கிடங்கை அடைய வேண்டும். அடைந்த பின்னரும் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தல், வெளுத்தல், கட்டுதல் ஆகிய வேலைகள் உண்டு. அப்படியாயின் எருதுகள் கோடையிலேயே நடந்தாக வேண்டும். கோடையிலோ புல் இல்லை. வழிக்குளங்களில் நீர் இல்லை. மழை பெய்து புல் முளைக்கும் காலத்தில் பாதை சேறாகிவிடும், கப்பலும் போய்விடும். காற்றின் நாட்காட்டிக்கும் புல்லின் நாட்காட்டிக்கும் இடையிலிருந்த குறுகிய இடைவெளியில்தான் சோழமண்டலக் கரையின் முழு வாணிகமும் நடந்தது. கும்பினியார் கடிதங்களில் சரக்கு தாமதமானதற்குக் காரணம் கூறும் பகுதிகளைப் படிப்போர், அக்காரணங்களுக்குப் பின்னால் ஒரு வறண்ட மேய்ச்சல் நிலத்தைக் காணத் தவறக்கூடாது.

'ஆனந்தப் புரவி'

இவ்விரு வழிகளையும் ஒரே கண்ணால் கண்டு எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளமையிலேயே தந்தையார் திருவேங்கடம் பிள்ளையோடு புதுவைக்கு வந்தவர். பரங்கிப்பேட்டையில் கும்பினியின் துணி வேலைகளை மேற்பார்த்தவர். துய்ப்ளெக்சு ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாசியாக உயர்ந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தம் தினப்படிச் சேதிக்குறிப்பினைத் தமிழில் எழுதிவந்தார்.

தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, நாழிகையோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்துக் குறிப்பது அவர் வழக்கம். எந்தக் கப்பல் வந்தது, யார் இறங்கினர், எத்தனை பீரங்கி வேட்டுப் போட்டனர், என்ன சரக்கு வந்தது, யார் முகம் வாடியது என அனைத்தும் அதில் உண்டு. கப்பலை எதிர்நோக்கிப் புதுவை எவ்வளவு பதைத்துக் காத்திருந்தது என்பதை அறிய இதனினும் சிறந்த சான்று வேறில்லை. வணிகர்களின் பொதிகள், வழியில் மறித்த பாளையக்காரர், சுங்கச் சாவடிகள், படைகள் கடந்துபோனதால் ஓடி ஒளிந்த குடிகள் ஆகிய உள்நாட்டுச் செய்திகளும் அதே ஏட்டில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. பிரெஞ்சு எழுத்தர் கடலை நோக்கி எழுதினர். பிள்ளையவர்கள் இரு பக்கமும் திரும்பிப் பார்த்து எழுதினார்.

பிள்ளையவர்கள் சொந்தமாக ஒரு கப்பலும் வைத்திருந்தார். அதன் பெயர் 'ஆனந்தப் புரவி'. புரவி என்பது குதிரை. தரையில் ஓடும் விலங்கின் பெயரைக் கடலில் ஓடும் கலத்துக்கு இட்ட அத்தமிழ் வணிகரின் மனத்தில், எருதும் கப்பலும் வேறுவேறு உலகங்களாக இருந்திருக்க முடியாது.

இந்நாட்குறிப்பு பிழைத்ததே ஒரு கதை. பிள்ளையவர்கள் மறைந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழிந்து, 1846இல் கலுவா மொம்பிரோன் என்பார் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். அதே காலத்தில் எதுவார் ஆரியேல் என்பாரும் படியெடுத்துப் பாரிசுக்குக் கொண்டுசென்றார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அது சென்னையில் வெளிவந்தது. எழுதப்பட்ட மொழியான தமிழில் அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழர் தம் வரலாற்றை வேற்றுமொழி வழியாக முதலில் படித்த இந்நிகழ்ச்சி மகிழ்ச்சிக்குரியதன்று, மறக்கத்தக்கதும் அன்று.

எருதில்லாப் படை

வாணிகத்துக்குப் பொருந்திய விதி போருக்கும் பொருந்தியது. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொசுகாவன் பெரும் கப்பற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். கடலாட்சி முழுவதும் அவர் கையில். எனினும் அவரது படை நகரின் வடமேற்கில் அகழி தோண்ட முற்பட்டது. பீரங்கியும் வெடிமருந்தும் கப்பலிலிருந்து இறங்கிய இடத்துக்கும் அகழிக்கும் இடையே இருந்த தொலைவு, அப்படையின் உழைப்பைத் தின்றது. அக்டோபர் மழையும் நோயும் சேர்ந்துகொள்ள, முற்றுகை கைவிடப்பட்டது. கடலில் வென்றவர் கரைக்கும் அகழிக்கும் இடைப்பட்ட சில கல் நிலத்தில் தோற்றார்.

பத்தாண்டு கழித்து அதே பாடத்தைப் பிரெஞ்சுக்காரர் கற்றனர். 1758 ஏப்ரலில் வந்திறங்கிய தளபதி லாலி, சூன் தொடக்கத்தில் கடலூரை அடுத்த தாவீது கோட்டையைப் பிடித்தார். அவ்வெற்றிக் களிப்போடு தஞ்சாவூர் நோக்கிப் படை நடத்தினார். ஆனால் பீரங்கி இழுக்கவும் உணவு சுமக்கவும் போதிய எருதுகள் இல்லை. எருது கிடைக்காத இடத்தில் மனிதரை எருதாக்கினார். புதுவையின் குடிகளைச் சாதி, தொழில், மதிப்பு எதுவும் நோக்காமல் பிடித்துப் பாரம் சுமக்க வைத்ததை அக்காலப் போர் வரலாறுகள் கண்டித்தே எழுதியுள்ளன. உணவும் வெடிமருந்தும் அற்றுப்போன படை, ஆகத்து மாதத்தில் தஞ்சை முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியது. லாலிக்கு எதிரான வெறுப்பு பிரெஞ்சு அதிகாரிகளிடையே மட்டும் வளர்ந்ததன்று. சுமைகூலியாக்கப்பட்ட தமிழ்க் குடிகளின் தெருக்களிலும் வளர்ந்தது.

1759 செப்டம்பர் 10இல் நடந்த கடற்போருக்குப் பின் தளபதி தாசேயின் பிரெஞ்சுக் கப்பற்படை புதுவையைத் தொட்டுவிட்டு, சில நாட்களில் மொரீசியசுத் தீவு நோக்கிச் சென்றது. அது திரும்பி வரவில்லை. 1760 சனவரி 22இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஏப்ரலில் காரைக்கால் வீழ்ந்தது. காரைக்கால் 1739இல் பெறப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று காவிரிப் பகுதியின் நெல். கடல்வழியாக வந்த நெல் நின்றது. இனித் தரைவழி ஒன்றே எஞ்சியது.

வேலிக்கும் மதிலுக்கும் இடையே

அத்தரைவழியை லாலி மைசூரில் தேடினார். ஐதர் அலியோடு உடன்படிக்கை ஏற்பட்டது. தியாகதுருக்கம் முதலிய அரண்களைப் பெற்றுக்கொண்டு, மைசூரார் குதிரைப்படையும் உணவும் மாடுகளும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மக்தூம் அலியின் தலைமையில் வந்த மைசூர்ப் படை, 1760 சூலையில் திருவதிகைப் பக்கத்தில் மேசர் மூரின் ஆங்கிலப் படையை முறியடித்துப் புதுவையை நெருங்கியது. பேரரசின் கப்பற்படை கைவிட்ட நகரத்துக்கு, செம்மண் புழுதி கிளப்பி வந்த மாட்டுமந்தையே நம்பிக்கையாயிற்று.

ஆயினும் வந்தது தேவைக்குப் போதவில்லை. அதே சூலையில் அயர் கூட்டின் ஆங்கிலப் படை வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றியதால், மேற்கிலிருந்து மாடு ஓட்டிவரும் வழி அடைபட்டது. ஆகத்தில் சீரங்கப்பட்டணத்தில் ஐதரின் சொந்த நிலையே ஆட்டம் கண்டது. அவரது படை திரும்ப அழைக்கப்பட்டது.

புதுச்சேரியைச் சுற்றி அக்காலத்தில் மதிலுக்கு அப்பால் ஒரு முள்வேலி அரண் இருந்தது. கற்றாழையும் பிற முட்செடிகளும் அடர்ந்த அவ்வேலி, ஊர்ப்புற நிலத்தை வளைத்து நின்றது. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், சென்னைச் சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் காவற்கோட்டங்கள் இருந்தன. எதிரியின் குதிரைப்படையைத் தடுப்பதோடு, நகரின் கால்நடைக்கு மேய்ச்சல் நிலத்தைக் காப்பதும் அவ்வேலியால் விளைந்த பயன். உழவர்கரை அவ்வேலியின் மேற்குப் பக்கத்தை ஒட்டிய ஊர். 1760 செப்டம்பரில் வேலி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அன்றே நகரின் கடைசிப் புல்வெளியும் பறிபோயிற்று. பீரங்கி வெடிக்கும் முன்னரே, புல் போனபோதே முற்றுகை பாதி முடிந்துவிட்டது எனலாம்.

நவம்பர் இறுதியில் உணவைச் சேமிக்கும் பொருட்டு, நகரில் எஞ்சியிருந்த தமிழ்க் குடிகளை லாலி வெளியேற்றினார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக அவர்கள் 1400 பேர் என்று இராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் எழுதுகிறார். ஆங்கிலேயர் அவர்களை வேலியைக் கடக்க விடவில்லை. பிரெஞ்சுக்காரர் மதிலுக்குள் மீண்டும் ஏற்கவில்லை. மேய்ச்சல் நிலமாக இருந்த அவ்விடைவெளியில், எட்டு நாட்கள் புல்லின் வேரையும் கிழங்கையும் தோண்டித் தின்று அவர்கள் கிடந்தனர். மாடு மேய்ந்த நிலத்தில் மனிதர் மேய்ந்தனர். இறுதியில் ஆங்கிலேயர் வழிவிட்டனர்.

நகருக்குள் யானை, ஒட்டகம், குதிரை என ஒவ்வொன்றாக உணவாயின. 1761 சனவரி முதல் நாள் வீசிய கடும்புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடலுக்கு இரையாக்கியது. கடல் ஒரு கணம் புதுவைக்கு வழி திறந்தது. அவ்வழியே வரக் கப்பலும் இல்லை, தரைவழியே வர எருதும் இல்லை. அம்மாத நடுவில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார். சனவரி 16இல் ஆங்கிலேயர் நகருக்குள் நுழைந்தனர். அழிந்த கப்பல்களின் பெயர்கள் அனைத்தும் ஏடுகளில் உள்ளன. அந்த 1400 பேரில் ஒருவர் பெயரும் அவ்வரலாற்றில் இல்லை.

தாவீது கோட்டையிலிருந்து வேல்சு நாடு வரை

லாலி பிடித்த தாவீது கோட்டையின் பெயரே நம் கரையை ஒரு தொலைநாட்டோடு இணைக்கிறது. 1690இல் ஆங்கிலக் கும்பினி மராட்டியரிடமிருந்து அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, சென்னை ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். வேல்சு நாட்டு இரெக்சாம் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தவர். 1721இல் இறந்து இரெக்சாம் தேவாலயத்திலேயே அடக்கமானவர். வேல்சு மக்களின் காவற்புனிதர் தாவீது. அப்புனிதரின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது என்பர். கோட்டையோடு, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவிலிருந்த ஊர்களும் விற்கப்பட்டன. கடலூர்ப் பக்கத்தில் 'குண்டு' என்னும் அடைமொழியோடு இன்றும் ஊர்ப்பெயர் வழங்குவதை அவ்வட்டாரத்தார் அறிவர்.

அவ்வேல்சு நாடும் எருதாலும் கப்பலாலும் வாழ்ந்த நாடே. மலைநாட்டுக் கருநிறக் கால்நடைகளைக் கூட்டங்கூட்டமாக இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிச்சென்ற மாட்டு வணிகர் அங்குப் பெருமதிப்புப் பெற்றனர். வழிப்பறிக்கு அஞ்சிப் பணத்தைத் தாளாக எடுத்துச் செல்லும் தேவை எழவே, அவர்களிடமிருந்தே வங்கிகள் தோன்றின. 1799இல் இலான்டவரி என்னும் ஊரில் தாவீது சோன்சு தொடங்கிய வங்கிக்குக் 'கருங்காளை வங்கி' என்றே பெயர். அதன் பணத்தாளில் காளையின் உருவம் இருந்தது. அபரிசுத்வித்துத் துறையில் பதிவான கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களோ, அதே ஊரிலுள்ள வேல்சு தேசிய நூலகத்தில் காக்கப்படுகின்றன. எளிய மாலுமியின் பெயர், வயது, பிறந்த ஊர் வரை அவற்றில் உண்டு. பிரான்சின் லொரியாந்திலும் கும்பினிக் கப்பல்களின் ஊழியர் பட்டியல்கள் அவ்வாறே காக்கப்பட்டுள்ளன. இரு நூற்றாண்டு கழிந்தும், தம் முன்னோர் எந்தக் கப்பலில் சென்றார், எங்கு இறந்தார் என்று அந்நாட்டு எளிய குடும்பத்தவர் தேடிக் காண முடிகிறது.

இவ்வொப்புமையால் ஒரு வினா எழுகிறது. தஞ்சைக் கல்வெட்டு இடையரைப் பெயரோடு பொறித்தது. வேல்சுப் பட்டியல் மாலுமியைப் பெயரோடு பொறித்தது. நூற்றாண்டுக்கு மேலாகப் புதுவை வாணிகத்தைத் தோளில் தாங்கிய பொதிமாட்டுக்காரரும் சலங்கோட்டியும் ஏன் பெயரிழந்தனர்? கல்வெட்டில் இடையர் பொறுப்பாளி. அவர் அளந்தால்தான் விளக்கு எரியும். எனவே அவர் பெயர் வேண்டியிருந்தது. கும்பினிக் கணக்கில் பொதிமாட்டுக்காரர் இடைத்தரகரின் செலவினம். சலங்கோட்டி ஒரு தடவைக் கூலி. யாரிடம் பொறுப்பு இருப்பதாக ஓர் ஆட்சி கருதுகிறதோ, அவர் பெயரையே அவ்வாட்சியின் ஏடு எழுதும். ஆவணத்தின் மௌனமும் ஓர் ஆவணமே.

எண்ணிக்கையாக மாறிய மனிதர் பற்றிய அத்தியாயம் அத்தோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் இரெயூனியோனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குத் தீவுக்கும், அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் கப்பலேற்றப்பட்டனர். மேற்கிந்தியத் தீவுகள் இரண்டுக்கும் முதலில் சென்ற கப்பலின் பெயர் 'ஒரேலி'. நிலமும் மாடும் இழந்த உழவரும் அப்பயணிகளுள் இருந்தனர். ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு: கரும்புத் தோட்டத்துக்குக் கணக்கு வேண்டியிருந்ததால், அவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் எழுதப்பட்டன. பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தவாறு சிதைந்த எழுத்துகளாயினும், அவை பெயர்களே. இன்று அத்தீவுகளின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடுவது அச்சிதைந்த எழுத்துகளைக் கொண்டுதான்.

காப்பகமும் கடமையும்

1911இல் ஆல்பிரேத்து மர்த்தினோ புதுச்சேரியில் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தை நிறுவி, புதுவைத் தலைமைக் குழுவுக்கும் கும்பினிக்கும் நடந்த கடிதங்களையும், மர்த்தேனின் நினைவேடுகளையும் அச்சேற்றினார். பிரெஞ்சியர் ஆட்சி 1954இல் நீங்கிய பின், ஆவணங்களில் ஒரு பகுதி பிரான்சுக்குச் சென்று, இன்று எக்சு நகரத்தில் உள்ளது. மற்றொரு பகுதி இங்கேயே தங்கியது. ஓர் ஊரின் நினைவு இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒன்றுசேர்த்துப் படிக்கும் வாய்ப்பு, தமிழும் பிரெஞ்சும் ஒருசேர அறிந்த புதுவையர்க்கே மிகுதியாக உண்டு. அவ்வாய்ப்பு தலைமுறைதோறும் குறைந்துவருவது கவலைக்குரியது.

அரசின் ஏடுகளுக்கு அப்பால், வீட்டின் ஏடுகளும் உள. கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் கிடக்கும் நிலப்பதிவு, மாட்டுச் சந்தைச் சீட்டு, மீனவக் குடும்பம் வைத்திருக்கும் பழைய ஒப்பந்தத் தாள், வாயில் மட்டும் வாழும் வழிநடைப் பெயர்கள் ஆகிய இவையெல்லாம் வரலாற்றின் மூலப்பொருள்களே. பிள்ளையவர்களின் நாட்குறிப்பும் 1846 வரை ஒரு வீட்டுக் காகிதக் கட்டாகத்தான் கிடந்தது. அன்று ஒருவர் அதனைத் திறந்து பார்க்காமல் இருந்திருப்பின், 18ஆம் நூற்றாண்டுப் புதுவையின் தமிழ்க்குரல் நமக்குக் கேட்டிராது.

உழவர்கரையில் இன்று பொதிமாடுகள் நடக்கவில்லை. சலங்குகளும் கரையில் இல்லை. வில்லியனூர்ச் சாலையில் எந்நேரமும் வண்டிகள் விரைகின்றன. முள்வேலி நின்ற இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. சீவானந்தபுரத்துக் காப்பகத்தின் அலமாரிகளில் மட்டும் கப்பல்களின் பெயர்களும் எருதுகளின் எண்ணிக்கையும் உறங்குகின்றன. அந்த எண்களுக்குப் பின்னே நடந்தவர்களின் பெயர்களைத் தேடுவது எளிய பணியன்று. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடு மேய்த்தவரின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த மொழி இது. அம்மொழியில் எழுதுவோர்க்கு அத்தேடல் உரிய கடமையேயாகும்.